சால்வைக்குப் பதிலாக ஓர் அரசாணை

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற அரசு ஊழியன். 31 வருட சர்வீஸில் பாதிக்கு மேல் எஸ்டாபிளிஷ்மென்ட் செக்‌ஷனில் கழிந்தது. யாருக்கு எங்கே மாறுதல், யாருக்கு எப்போது பதவி உயர்வு, காலிப் பணியிடத்தை எங்கிருந்து எடுத்து எங்கே போடுவது, இதுதான் என் வேலை. அதனால் இந்த மடலில் கொஞ்சம் கோப்பு வாசனை அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்பது ஒன்றுதான். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் செவிலியருக்கு ஒரு பதவிப் பெயர் கொடுங்கள். அந்த வேலையில் கை தேர்ந்த பிறகு அவரைத் தூக்கி வேறு வார்டில் போடாதீர்கள். இனி எழுதப்போவதெல்லாம் ஏன் என்பதற்கான விளக்கம்.

2023 மே 12, வெள்ளிக்கிழமை. என் மனைவிக்கு இரண்டாவது கீமோ. அன்று உலக செவிலியர் தினம் என்பது வார்டுக்குப் போன பிறகுதான் தெரியும். கீழே ஹாலில் கேக் வெட்டினார்கள், மெழுகுவர்த்தி ஏற்றி உறுதிமொழி எடுத்தார்கள். மைக்கில் யாரோ 'வெள்ளுடை தேவதைகள்' என்று பேசியது மாடி வரைக்கும் கேட்டது. கீமோ வார்டு சிஸ்டர் இறங்கிப் போகவில்லை. போக முடியாது. அந்த நேரம் அவர் கையில் சிவப்பு மருந்து இருந்தது.

டாக்சோரூபிசின் என்பது அதன் பெயர். வார்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, சிவப்பு மருந்து என்றுதான் சொல்வார்கள். ரத்தக் குழாய்க்குள் போனால் மருந்து, ஊசி விலகி வெளியே கசிந்தால் சதையையே அரித்துவிடும். அதனால் பாட்டிலில் தொங்கவிட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் சலைன் குழாயின் பக்கவாட்டில் சிரிஞ்சைச் செருகி, கையாலேயே மெதுவாகத் தள்ள வேண்டும். இரண்டு மூன்று மில்லி போனதும் பிஸ்டனை லேசாகப் பின்னால் இழுத்து, ரத்தம் எட்டிப் பார்க்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்தால் ஊசி சரியான இடத்தில் இருக்கிறது. மறுபடி தள்ளு, மறுபடி இழு. என் மனைவிக்கு இடது பக்கம் ஆபரேஷன் என்பதால் இடது கையில் ஊசி போடக் கூடாது என்றார்கள். ஆக எல்லா ஊசியும், எல்லா ரத்தப் பரிசோதனையும் ஒரே வலது கையில். அந்தக் கையில் மிச்சமிருந்த நல்ல நரம்புகள் எத்தனை என்று அந்த சிஸ்டருக்குத்தான் கணக்குத் தெரியும். இந்த வாரம் இது, அடுத்த தடவைக்கு அது என்று விரலால் தடவிப் பார்த்து எடுத்து வைத்திருப்பார்.

பயிற்சி மாணவி ஒருத்தி டிஷ்யூ பேப்பரில் ஒரு துண்டு கேக் கொண்டுவந்து டிராலியில் வைக்கப்போனாள். "இங்க வைக்காத, மருந்து இருக்கு. ஜன்னல்ல வை" என்றார் சிஸ்டர், தலையைத் தூக்காமல். நாங்கள் நாலு மணிக்குக் கிளம்பும்போது அந்தக் கேக்கில் எறும்பு வரிசை கட்டியிருந்தது.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மனைவி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனது சுகர் மாத்திரை வாங்க. 2022 டிசம்பர். அங்கே தொற்றா நோய்ப் பிரிவில் இருக்கும் செவிலியர், 30 வயது தாண்டியவர்களுக்கு மார்பும் கர்ப்பப்பை வாயும் பார்ப்பது வழக்கம் என்று சொல்லி திரைக்குப் பின்னால் அழைத்துப்போனார். கட்டி ஒன்று இருப்பது என் மனைவிக்கு ஆடி மாதமே தெரியும். ஆவணியில் மகள் கல்யாணம், அது முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். கல்யாணம் முடிந்த பிறகு தலைதீபாவளி முடியட்டும் என்று. 33 வருடமாகக் கூடக் குடித்தனம் நடத்துகிற என்னிடம் சொல்லாததை, முகம் தெரியாத அந்தப் பெண்ணிடம் பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். "வலிக்கலையே, வலிக்காத கட்டி ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சேன்" என்று இவள் சொல்ல, "வலிக்காத கட்டியத்தாம்மா சீக்கிரம் காட்டணும்" என்று அவர் சொன்னாராம்.

விரலால் தொட்டுப் பார்ப்பதில் என்ன தெரிந்துவிடும் என்று நானும்தான் நினைத்தேன். மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து 20 வருடம் நடத்திய ஆய்வைப் பற்றிப் பிறகு படித்தேன். பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள், மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே இல்லாமல், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்தார்கள். ஐம்பது வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் மார்பகப் புற்றால் வரும் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. 2021-ல் அந்த முடிவு வெளியானது. மெஷின் இல்லை என்று கையைப் பிசைந்துகொண்டிருக்க வேண்டியதில்லை, விரல் பழகியிருந்தாலே பாதி வேலை நடக்கும். அந்தப் பழகிய விரல் எந்தப் பணிப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை என்பதுதான் என் குறை.

ஆபரேஷன் மார்ச்சில். மார்பை முழுவதும் எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் கட்டு மாற்றும்போது நான் வழக்கம்போல வராந்தாவுக்குக் கிளம்பினேன். ஓய்வுபெற இரண்டு வருடமே பாக்கி இருந்த ஒரு மூத்த சிஸ்டர் என்னைத் திரும்பக் கூப்பிட்டார்.

"அய்யா, நீங்களும் உள்ள வாங்க. முதல் தடவையா வீட்டுல வச்சுப் பார்க்க வேண்டாம். நான் இருக்கும்போதே பாத்திருங்க."

பார்த்தேன். அக்குள் வரை ஓடும் ஒரு தையல் கோடு, பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய். என் மனைவி என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. "தையல் சுத்தமா இருக்குல்ல அய்யா?" என்று சிஸ்டரே எடுத்துக் கொடுத்தார். "சுத்தமா இருக்கு" என்றேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, தனியாகக் கண்ணாடி முன்னால் அவள் நின்றிருக்க வேண்டிய ஒரு ராத்திரி எங்களுக்கு வராமலே போனது. அந்த இரண்டு நிமிஷத்தை எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை, எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.

குழாயோடு ஒரு சுருங்கிய பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது. அதில் சேரும் நீரைத் தினமும் அளந்து எழுதச் சொன்னார்கள். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்தால் குழாயை எடுக்கலாம். நான் விடுவேனா? நோட்டில் கோடு போட்டு தேதி, நேரம், அளவு, நிறம், குறிப்பு என்று ஐந்து பத்தி பிரித்துவிட்டேன். சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "இதுல நான் மேலொப்பம் போடணுமா அய்யா?" என்று கேட்டார். என் மனைவி ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கை தூக்கும் பயிற்சியும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். சுவரைப் பார்த்து நின்று, எறும்பு ஏறுவதுபோல விரல்களால் மேலே மேலே ஏற வேண்டும். எங்கள் வீட்டு அடுக்களை வாசலில் பிள்ளைகளின் உயரம் குறித்த பழைய பென்சில் கோடுகள் இருக்கின்றன. அதற்குப் பக்கத்தில் இப்போது அவர்கள் அம்மாவின் விரல் எட்டிய கோடுகள். அப்புறம் அந்தப் பை. ஒரு பக்கம் கனம் இல்லாமல் போனால் தோள் சாயும், ஜாக்கெட் மேலே ஏறும். கடையில் விற்கும் சிலிக்கான் மார்பகம் எங்கள் கைக்கு எட்டாது. பழைய பருத்திப் புடவையில் பை தைத்து, கடுகு நிரப்பி, எடை சரிபார்த்து, ஜாக்கெட்டுக்கு உள்ளே எப்படி நிறுத்துவது என்று அந்த சிஸ்டர் வார்டின் ஒரு மூலையில் நாலு பெண்களை உட்கார வைத்து வகுப்பே எடுத்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில்.

டிஸ்சார்ஜ் சம்மரி வாங்கினேன். பழக்கதோஷம், கையெழுத்துகளைத்தான் முதலில் பார்ப்பேன். அறுவை சிகிச்சை நிபுணர் பெயர் இருந்தது, மயக்க மருந்து டாக்டர் பெயர் இருந்தது, உதவியாளர்கள் பெயர் இருந்தது, பயாப்ஸி அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் பெயர்கூட இருந்தது. செவிலியர் ஒருவர் பெயரும் இல்லை. மூன்று பக்கம் தேடினேன்.

ஏப்ரல் 21-ல் முதல் கீமோ. இங்கேதான் நான் ஆரம்பத்தில் சொன்ன சிஸ்டர் வருகிறார். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பரீட்சை எழுதி, 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்த அணி. இரண்டு வருடத்தில் காலமுறை ஊதியம் என்று சொல்லிச் சேர்த்த அந்த அணியில் இவருடைய முறை அப்போதும் வந்திருக்கவில்லை. அது வேறொரு போராட்டம், அவர்களே நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அதை இங்கே கலக்கவில்லை.

மருந்து ஏற்றுவதற்கு முன்பே அவர் சொன்னது: "அம்மா, இன்னைக்கு ஒண்ணுக்கு சிவப்பாப் போகும். ரத்தம் இல்ல, மருந்தோட கலர். பயந்துக்கிட்டு நடுராத்திரி ஓடி வராதீங்க." பக்கத்துக் கட்டிலில் ஓர் அம்மா முந்தைய மாதம் வேறோர் இடத்தில் கீமோ போட்டு, இதை யாரும் சொல்லாததால் தான் சாகப்போகிறோம் என்று ராத்திரி முழுவதும் உட்கார்ந்திருந்தாராம். ஒரு வாக்கியம்தானே, சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் சொல்ல வேண்டும் என்று தெரிந்த ஆள் அங்கே இருக்க வேண்டுமே.

முடி விஷயமும் அப்படித்தான். இரண்டு மூன்று வாரத்தில் கொட்டும், கொத்துக் கொத்தாகக் கையில் வரும்போது மனது தாங்காது, முன்கூட்டியே எடுத்துவிடுங்கள் என்றார். ஊரில் கேட்பார்களே என்று இவள் தயங்கினாள். "இருக்கன்குடி மாரியம்மனுக்கு வேண்டுதல்னு சொல்லுங்கம்மா. பொய்யில்லையே, வேண்டாமலா இருக்கீங்க?" என்றார். இரண்டாவது கீமோவுக்கு மொட்டைத் தலையில் சந்தனத்தோடு போனோம். தெருவில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பிரசாதம்தான் கேட்டார்கள்.

இனி ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. கீமோ போட்டு பத்தாம் நாள். பதினோரு மணிக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. தெர்மாமீட்டரில் 101. என் கையில் பாராசிட்டமால், இன்னொரு கையில் தண்ணீர் டம்ளர். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் என் எண்ணம். எதற்கும் கேட்டுவிடலாம் என்று சிஸ்டருக்குப் போன் போட்டேன். அவர் சொந்த போன், அவர் சொந்த ரீசார்ஜ். 100.4-ஐத் தாண்டினால் நேரம் பார்க்காமல் கூப்பிடுங்கள் என்று எங்கள் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார்.

"மாத்திரை கொடுத்துட்டீங்களா? குடுக்கலல்ல? வச்சிருங்க. இப்பவே கிளம்புங்க. வெள்ளை அணு இறங்குற நேரம் இது, கிருமி பூந்துச்சுன்னா நாளைக்கு வரைக்கும் தாங்காது. கேஷுவாலிட்டில போய் காய்ச்சல்னு ஆரம்பிக்காதீங்க. 'கீமோ போட்டு பத்தாம் நாள்', இதுதான் உங்க வாயில வர்ற முதல் வார்த்தையா இருக்கணும்."

நான் பதற்றத்தில் காய்ச்சல் என்றுதான் ஆரம்பித்தேன். உட்காருங்கள் என்றார்கள். எங்களுக்கு முன்னால் பைக்கில் விழுந்தவர்கள் நாலைந்து பேர். பிறகு நினைவு வந்து அந்த வாக்கியத்தைச் சொன்னேன், போனையும் டியூட்டி டாக்டரிடம் கொடுத்தேன். இவர் அவரிடம் என்ன பேசினாரோ, அரை மணி நேரத்தில் ரத்தம் எடுத்து, ஆன்டிபயாடிக் ஏறிவிட்டது. வெள்ளை அணு 600 என்று மறுநாள் சொன்னார்கள். நாலாயிரத்துக்கு மேல் இருக்க வேண்டியது. அந்த ஒரு போன் இல்லாவிட்டால் நான் இந்த மடலை வேறு மாதிரி எழுதியிருப்பேன், அல்லது எழுதவே தோன்றியிருக்காது.

இப்போது மாறுதலுக்கு வருகிறேன்.

ஜூன் 2, மூன்றாவது கீமோ. வார்டுக்குள் நுழைந்தால் அந்த சிஸ்டர் இல்லை. முந்தைய நாள் சுழற்சி முறையில் எலும்பு முறிவு வார்டுக்குப் போய்விட்டார். அங்கே இருந்த ஒரு பெண் இங்கே வந்திருந்தார். நல்ல பெண், முகத்திலேயே பொறுமை தெரிந்தது. முறிந்த கால்களில் நாலு வருட அனுபவம். சிவப்பு மருந்து அன்றைக்குத்தான் முதல் தடவை. யாரோ சொல்லிக்கொடுத்தபடி மெதுவாகத்தான் தள்ளினார். பாதியில் என் மனைவி, "எரியுது தாயி" என்றாள். பார்த்தால் ஊசியைச் சுற்றி வீங்கியிருந்தது.

மருந்தை நிறுத்திவிட்டார். அடுத்து என்ன செய்வது? ஐஸ் வைப்பதா, வெந்நீர் ஒத்தடமா? சில கீமோ மருந்து கசிந்தால் சூடு, சிலதுக்குக் குளிர்ச்சி. மாற்றிச் செய்தால் வேறு வினை. அந்தப் பெண்ணின் கை நடுங்கியதை நான் பார்த்தேன். பழைய சிஸ்டருக்குப் போன் போட்டார். இரண்டு மாடி இறங்கி ஏறி அவர் ஓடி வந்தார், கையில் ஐஸ் பொட்டலத்தோடு. ஊசியை எடுப்பதற்கு முன் கசிந்ததை உறிஞ்சி எடுத்து, சிவந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, நேரம் எழுதினார். "இந்தக் கோட்டைத் தாண்டிச் சிவப்பு பரவுதான்னு பாத்துக்கிட்டே இருங்கம்மா." பிறகு அந்தப் புதுப் பெண்ணின் தோளைத் தட்டிவிட்டு, தன் வார்டில் ஆள் இல்லை என்று திரும்ப ஓடினார்.

புண் ஆற இரண்டு மாதம் ஆனது. வலது மணிக்கட்டுக்கு மேலே இன்றைக்கும் ஒரு ரூபாய் அளவுக்குக் கறுத்த தழும்பு இருக்கிறது. நாலாவது சுற்றுக்கு நரம்பு போதாமல் மேற்கையில் நீளக் குழாய் வைத்தார்கள்.

எந்த மருத்துவமனை என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். விளக்கம் கேட்டு மேலிருந்து கடிதம் போகும், அது படி இறங்கி இறங்கி, கடைசியில் பதில் எழுத வேண்டியவர் அந்தப் புதுப் பெண்ணாகத்தான் இருப்பார். தவறு அவருடையது இல்லை. மாறுதல் ஆணையில் 'நிர்வாக நலன் கருதி' என்று ஒரு வரி இருக்குமே, தவறு அந்த வரியில் இருக்கிறது. அந்த வரியை நானே எத்தனை நூறு தடவை டைப் அடித்திருப்பேன். ஆளைப் பார்த்தது கிடையாது, அந்த நாற்காலியில் அவர் என்ன கற்றுக்கொண்டார் என்று கேட்டது கிடையாது. சீனியாரிட்டி பட்டியல், காலிப் பணியிடப் பட்டியல், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பொருத்துவேன். என் துறையில் அதனால் ரோடு போடுவது ஒரு மாதம் தள்ளிப்போயிருக்கும். யார் கையும் வெந்திருக்காது.

சுழற்சி முறைக்கு நியாயம் இல்லாமல் இல்லை. ஒரே ஆள் எளிதான வார்டில் நாற்காலி போட்டுக்கொள்ளக் கூடாது, இரவுப் பணி எல்லோருக்கும் வர வேண்டும், இதெல்லாம் சரிதான். கீமோ மருந்தைக் கலக்குபவர்களுக்கு அந்த மருந்தாலேயே ஆபத்து உண்டு, அதனால் மாற்றுவது நல்லது என்றும் சொல்வார்கள். அந்த ஆபத்துக்கு மருந்து மாறுதல் உத்தரவா? காற்றை வடிகட்டும் கண்ணாடிப் பெட்டி வையுங்கள், அதற்கென்று உள்ள கையுறையும் அங்கியும் கொடுங்கள், கர்ப்பமாக இருப்பவரையும் பால் கொடுப்பவரையும் அந்த வேலையிலிருந்து விடுவியுங்கள். பாதுகாப்பைக் கொடுக்காமல் ஆளை மாற்றினால் ஆபத்து குறையாது, அடுத்தவருக்கும் பங்கு போகும்.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடியபோது எனக்குத் தெரிந்த ஒரு பெயர் வந்தது. கிளென் மெக்ராத், ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர். சச்சினுக்கு அவர் போட்ட பந்துகளுக்காக நான் திட்டிய ஆள். அவர் மனைவி ஜேனுக்கு 1997-ல் மார்பகப் புற்று வந்தது. சில வருடம் கழித்து நோய் திரும்பியபோது, இந்த வேலைக்கென்றே இருந்த ஒரு செவிலியரின் துணை கிடைத்தது. அந்த வித்தியாசத்தை உணர்ந்துதான் 2005-ல் மெக்ராத் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். 2008-ல் ஜேன் இறந்துபோனார். ஒவ்வொரு வருடமும் சிட்னி டெஸ்ட்டின் மூன்றாம் நாள் மைதானமே இளஞ்சிவப்பாக இருக்கிறதே, அது இதற்குத்தான். நாம் டிவியில் நிறத்தை மட்டும் பார்த்தோம். அங்கே சேரும் பணம் மார்பக நலச் செவிலியர்களை வேலைக்கு வைக்கப் பயன்படுகிறது. நோயாளி காசு கொடுக்க வேண்டாம், டாக்டரிடம் சீட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டாம், நேராக அந்தச் செவிலியரைக் கூப்பிடலாம். எங்கள் சிஸ்டர் சொந்த ரீசார்ஜில் செய்ததை அங்கே சம்பளம் கொடுத்துச் செய்ய வைக்கிறார்கள்.

நம் நாட்டிலேயே மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நோயாளிகளுக்கு வழிகாட்டவென்று ஆட்களைப் பயிற்றுவிக்கிறார்கள். திட்டத்தின் பெயர் கேவட். ராமனை ஆற்றைக் கடக்க வைத்த ஓடக்காரனின் பெயர், நமக்குக் குகன். பெயர் வைத்தவரின் ரசனையை மெச்ச வேண்டும். ஆனால் நம் மருத்துவமனைகளில் குகன் ஏற்கெனவே துடுப்புப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். நாம்தான் நடு ஆற்றில் ஓடம் மாறச் சொல்கிறோம்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய துறையும் இல்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை இன்று நாடறிந்த நிறுவனம். அதற்காகவே வாழ்ந்த டாக்டர் சாந்தா 2021-ல் மறைந்தபோது மாநிலமே அஞ்சலி செலுத்தியது. அந்த முதல் 12 படுக்கைகளுக்கு ராத்திரி விழித்திருந்த செவிலியர்களும் இருந்திருப்பார்களே. அவர்கள் பெயரை எந்தப் பள்ளிக்கூடப் பாடத்தில் படித்தோம்?

விருது இருக்கிறதே என்பீர்கள். மத்திய அரசு 1973-லிருந்து நைட்டிங்கேல் விருது கொடுக்கிறது, குடியரசுத் தலைவர் கையால். பெருமைதான். ஆனால் விருது ஒரு நாள் நிகழ்ச்சி. அரசாங்கத்தில் ஒருவரை அங்கீகரிப்பது என்றால் அதற்கு ஒரே பொருள்தான்: பதவிப் பெயர், அதற்கான பணியிடம், அந்தப் பணியிடத்துக்கு ஓர் அரசாணை எண். சால்வை போர்த்தக் கோப்பு வேண்டாம், அதனால்தான் சால்வை சுலபமாக வருகிறது.

இப்போது இருக்கும் ஏணியைப் பாருங்கள். செவிலியர், பிறகு செவிலியக் கண்காணிப்பாளர் நிலை 2, பிறகு நிலை 1. இந்திய செவிலியர் கவுன்சில் வகுத்திருக்கும் ஒரு வருடப் புற்றுநோய்ச் செவிலியப் பட்டயம் படித்துவிட்டு வந்தாலும் அதே ஏணிதான். மேலே ஏற ஏற நோயாளியின் கட்டிலிலிருந்து தள்ளிப் போகிறார், பதிவேடும் பணிப் பட்டியலும் பார்க்கப் போகிறார். நரம்பு தேடத் தெரிந்த கையைக் கொண்டுபோய் அட்டெண்டன்ஸ் போட வைக்கிறோம். கட்டில் பக்கத்திலேயே இருந்துகொண்டு சம்பளமும் மதிப்பும் கூடுவதற்கு ஒரு படி இல்லை.

நிதித்துறை ஒத்துக்கொள்ளாது என்று சொல்லாதீர்கள். அங்கே கோப்பை எப்படி நகர்த்துவது என்று எனக்குத் தெரியும். புதுப் பணியிடம் கேட்காதீர்கள், கேட்டால் மூன்று வருடம். இருக்கும் செவிலியர் பணியிடங்களிலேயே, மாநிலத்தின் 36 அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு இரண்டு வீதம் 72 இடங்களை 'மார்பக நலச் செவிலியர்' என்று பெயர் மாற்றுங்கள். பயிற்சி முடித்தவரை மட்டும் அமர்த்துங்கள். அவருக்குச் சுழற்சி முறையிலிருந்து விலக்கு என்று ஒரு பத்தி சேருங்கள். அவரே கேட்டால் மாறுதல் உண்டு, அவருக்கும் மூச்சு முட்டும் நாள் வரும். வார்டுக்கென்று ஓர் அரசுக் கைபேசி, அந்த எண்ணை நோயாளியின் சீட்டில் அச்சடிக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்டர் பெயருக்குக் கீழே அவர் பெயருக்கும் ஒரு வரி விடலாம், அதற்குக் காசே ஆகாது. சிறப்புப் படிக்காக மட்டும் நிதித்துறையோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கட்டுங்கள்.

இந்தியாவில் 2022-ல் மட்டும் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டது, சுமார் 98,000 பேர் அதனால் இறந்தார்கள் என்பது சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு. இந்தக் கணக்கு உங்கள் மேஜையில் எப்போதும் இருக்கும், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அக்டோபர் வந்தால் கட்டடங்களுக்கு இளஞ்சிவப்பு விளக்குப் போடுகிறோம். இவளுக்குச் சிகிச்சை நடந்த 2023 அக்டோபரில் எங்கள் வார்டிலும் எல்லோருக்கும் ரிப்பன் குத்தினார்கள். என் மனைவி அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி படத்தில் குத்திவைத்தாள். இருக்கட்டும், விளக்கும் வேண்டியதுதான்.

அவள் நன்றாக இருக்கிறாள். தினமும் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு பரிசோதனை. முடி முன்னைவிடச் சுருட்டையாக வளர்ந்திருக்கிறது.

என் போனில் அந்த எண் இன்னும் 'கீமோ சிஸ்டர்' என்றுதான் இருக்கிறது. போன மாதம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, நாற்பது வயது இருக்கும், என் மனைவியிடம் வந்து கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். அடுத்த வாரம் அவளுக்கு முதல் கீமோ. இவளுக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, மிச்சத்தைக் கேட்க சிஸ்டரைக் கூப்பிட்டோம். இப்போதும் எலும்பு முறிவு வார்டுதான், நைட் டியூட்டி. "நான் அந்த வார்டுல இல்லையேம்மா" என்றார் முதலில். அப்புறம், "சரி, அவங்ககிட்ட போனைக் குடுங்க" என்றார். எந்தக் கையில் ஊசி, என்ன சாப்பிட்டுவிட்டு வர வேண்டும், காய்ச்சல் வந்தால் முதல் வார்த்தையாக என்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் அந்தப் பக்கம் யாரோ காலில் வலி என்று கத்துவது கேட்டது. "ஒரு நிமிஷம், வெச்சிராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெண் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் ஒருவர்

நகல்: முதலமைச்சரின் தனிப்பிரிவு
நகல்: நிதித்துறைச் செயலாளர் (72 பணியிடங்களுக்கான பெயர் மாற்ற வரைவு இணைக்கப்பட்டுள்ளது)